சுவரில் எழுதிய நேர்த்திக்கடன்: பீல் ஓவியம் கற்றுக்கொள்வது பற்றி

ஒரு மயில் கழுத்தைப் புள்ளியால் நிரப்ப எனக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆனது. பெரிய கழுத்தும் இல்லை. மூன்று விரல் அகலம், ஒரு சாண் நீளம். அடியில் பூசிய கருநீலம் நன்றாகக் காய்ந்திருந்தது. வேப்பங்குச்சியின் நுனியை வெள்ளைப் பெயிண்டில் தொட்டுத் தாளில் வைத்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. முதல் புள்ளி மிளகு அளவுக்கு வந்தது. அடுத்தது கடுகு. மூன்றாவது ரவை. நான்காவது தெரியவே இல்லை. ஒரு தடவை தொட்டால் ஒரு புள்ளிதான், ஆசைப்பட்டு இரண்டாவது வைக்கக் கூடாது என்று கைக்குப் புரிவதற்குள் மூன்று வரிசை கோணிவிட்டது. அப்புறம் எப்போது கை தானாக ஓட ஆரம்பித்தது என்று தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது, மாடியில் காயப்போட்ட துணி தூறலில் நனைந்து முடித்திருந்தது.

நான் சேர்ந்தது ஓர் இணையவழிப் பயிற்சி. மூன்று சனிக்கிழமை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். 'மன அழுத்தம் போக்கும் பழங்குடிப் புள்ளி ஓவியம்' என்று விளம்பரம். அச்செடுத்துக்கொள்ள ஒரு மயில், ஒரு மான், ஒரு மரம் அனுப்பினார்கள். கோட்டின் மேல் கோடு போட்டு, உள்ளே வண்ணம் அடித்து, புள்ளி வைத்தால் முடிந்தது. மூன்று வாரத்திலும் பீல் மக்கள் யார், எதற்காக வரைகிறார்கள் என்று ஒரு வார்த்தை வரவில்லை. நானே கேட்டேன். "வட இந்தியப் பழங்குடி, மேடம். இயற்கையை வணங்குறவங்க" என்று பதில் வந்தது. சரி என்று விட்டுவிட்டேன்.

மனம் லேசானது பொய்யில்லை. ஆனால் பிறகு தேடிப் படிக்கப் போனதில் ஒன்று தட்டுப்பட்டது. இந்த ஓவியம் பிறந்த ஊரிலும் பேச்சு நலத்தைப் பற்றியதுதான். குழந்தைக்குக் காய்ச்சல் விடவில்லை, மாடு செத்துக்கொண்டே இருக்கிறது, மழை இல்லை என்றால் அங்கே சுவரில் ஓவியம் ஏறும். நலம் வேண்டும் என்றுதான் வரைகிறார்கள். யாருடைய நலம் என்பதில்தான் அந்த விளம்பரமும் பீல் மக்கள் வாழும் ஜாபுவா பக்கத்துக் கிராமமும் வெவ்வேறு திசையில் போகின்றன.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் மிகப் பெரிய பழங்குடிச் சமூகங்களில் பீல் ஒன்று. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள். மத்தியப் பிரதேசத்தின் மேற்கு ஓரத்தில் ஜாபுவா, அலிராஜ்பூர், தார், பர்வானி. ராஜஸ்தானில் பான்ஸ்வாடா, துங்கர்பூர், உதய்பூர். குஜராத்தில் தாஹோத், பஞ்சமஹால். மகாராஷ்டிரத்தில் நந்துர்பார், துலே. வரைபடத்தில் நான்கு மாநிலம் முட்டிக்கொள்ளும் அந்த மூலை முழுக்க அவர்கள் சீமை. நம்மூரில் கருங்கோழி என்று கிலோவுக்குக் கண்டபடி விலை சொல்கிறார்களே, கடக்நாத், அது ஜாபுவா கோழிதான். 2018ல் புவிசார் குறியீடு வாங்கியது. 'பீல்' என்ற பெயரே வில் என்ற திராவிடச் சொல்லிலிருந்து வந்தது என்று பல ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பழைய மேவார் அரசின் முத்திரையில் ஒரு பக்கம் ராஜபுத்திர வீரன் நிற்பான், மறுபக்கம் வில்லோடு ஒரு பீல் வீரன் நிற்பான். ஏகலைவனைத் தங்கள் ஆளாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் அவர்கள்.

மண் மேட்டுநிலம், சரளை. மழையை நம்பிய விவசாயம். மக்காச்சோளம் முக்கியமான பயிர், அதில் சுட்ட ரொட்டிதான் அன்றாடச் சாப்பாடு. மழை பொய்த்தால் குடும்பத்தோடு கிளம்பி குஜராத்துக்கோ பெரிய நகரங்களுக்கோ கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள். இந்த இடப்பெயர்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பீல் ஓவியம் சுவரிலிருந்து தாளுக்கு இறங்கியதே ஒரு கட்டடத் தளத்தில்தான்.

அதற்கு முன் சுவர்.

பீல், பிலாலா, ராட்வா சமூகங்களின் வீடுகளில் பித்தோரா என்று ஒன்று உண்டு. தமிழில் இதற்கு ஒரே சொல்தான் பொருந்தும்: நேர்த்திக்கடன். வீட்டில் நோய், விளைச்சல் இல்லை, குழந்தை இல்லை, ஏதோ ஒன்று சரியில்லை. பட்வா என்னும் பூசாரியிடம் போகிறார்கள். பித்தோரா தேவருக்கு வேண்டிக்கொள்ளச் சொல்கிறார். நினைத்தது நடந்தால் வீட்டுச் சுவரில் அவரை வரவழைக்க வேண்டும். கையில் காசு இல்லையென்றால் கடன் தள்ளிப்போகும், ஆனால் அழியாது. ஆடு, கோழி, ஊர்ச் சாப்பாடு, மேளம், மது என்று செலவு பெரியது.

சுவர் எது என்பதும் விதிப்படிதான். முன்தாழ்வாரத்தையும் உள்வீட்டையும் பிரிக்கும் சுவர் முக்கியமானது. கல்யாணமாகாத பெண்கள் அதைச் சாணமும் மண்ணும் கலந்து மெழுகி, மேலே வெள்ளை மண் பூசுகிறார்கள். வண்ணப்பொடியில் பாலும் இலுப்பைப்பூ மதுவும் கலக்கும். அப்புறம் வரைபவர் வருகிறார். ராட்வாக்கள் அவரை லக்காரா என்பார்கள். ஜாபுவா பக்கம் லிக்கந்தரா. இரண்டுக்கும் பொருள் 'எழுதுபவர்'. பித்தோராவை வரைந்தார் என்று அங்கே சொல்வதில்லை, எழுதினார் என்பார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று நம் பேச்சு ஞாபகம் வந்தது. கண்ணுக்கு மை எழுதுவது, சுவரில் சித்திரம் எழுதுவது என்று நமக்கும் ஒரு காலத்தில் எழுத்தும் வரைவதும் ஒரே வினைதானே.

எழுதியதைப் படிக்கவும் ஆள் வேண்டும். பட்வா சாமி வந்த நிலையில் சுவரின் முன் நின்று ஒவ்வொரு உருவமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். எந்தக் குதிரை யாருடையது, யார் வந்தாயிற்று, யார் விடுபட்டுவிட்டார் என்று சரிபார்க்கிறார். விடுபட்டிருந்தால் லக்காரா அங்கேயே சேர்க்க வேண்டும். அழகாக இருக்கிறதா என்று அந்த இரவில் யாரும் கேட்பதில்லை. கணக்குச் சரியா என்பதே கேள்வி.

அந்தக் கணக்கு பெரியது. நடுவில் வரிசை வரிசையாகக் குதிரைகள். பித்தோராவின் கல்யாண ஊர்வலம் என்பார்கள். மேலே சூரியன், சந்திரன். ராணி காஜல், பாபா இந்த், பன்னிரண்டு தலை மனிதர். இவ்வளவும் தெய்வக் கூட்டம். அதே சுவரில் ஏர் ஓட்டும் உழவர், மோர் கடையும் பெண், கணக்குப் புத்தகத்தோடு கடைக்காரர், கிணறு, குரங்கு, புலி, அப்புறம் மரமேறிக் கள் இறக்குபவர். கள் அங்கே விழாக்காலக் குடி மட்டுமில்லை, தெய்வத்துக்குப் படைப்பதும்கூட. அந்த மரமேறியைப் பார்த்தபோது எனக்கு வேறு ஊர்ச் சுவர் மாதிரியே தோன்றவில்லை. தேவர் வர வேண்டுமென்றால் அவர் வருவதற்கு ஓர் உலகம் முழுசாக இருக்க வேண்டும் போலிருக்கிறது. அந்தக் கடைக்காரர்கூட விடுபடக் கூடாது.

இந்தச் சுவரில் பெண்களுக்கு மெழுகும் வேலை மட்டும்தான். பித்தோரா குதிரையை எழுதுவது ஆண்களின் உரிமை. ஆனால் பெண்கள் வரையாமல் இருந்தார்கள் என்று இல்லை. கல்யாணம், பண்டிகை, அறுவடை என்றால் வீட்டுச் சுவரில் மயில், மாடு, மரம், மனிதர்கள் என்று வரைவது அவர்கள் வேலை. காவி மண், வெள்ளை மண், மஞ்சள், ரொட்டிக் கல்லின் அடியில் சுரண்டிய கரி, அவரை இலைச் சாறு இவைதான் வண்ணம். வேப்பங்குச்சிதான் தூரிகை. இன்று உலகம் பீல் ஓவியம் என்று வாங்கி மாட்டுவதில் பெரும்பகுதி, சடங்குச் சுவரிலிருந்து வந்ததைவிட இந்த வீட்டுச் சுவரிலிருந்து வந்ததுதான். அதைச் சுவரிலிருந்து கழற்றியவர் பெயர் பூரி பாய்.

ஜாபுவா மாவட்டம் பிட்டோல் கிராமத்துக்காரர். போபாலில் பாரத் பவன் கட்டிக்கொண்டிருந்தபோது அங்கே சித்தாள் வேலை பார்த்தார். சார்ல்ஸ் கொரியா வடிவமைத்த அந்தக் கலைமாளிகை 1982 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதன் ஓவியப் பிரிவான ரூபாங்கருக்குப் பொறுப்பு ஜெகதீஷ் சுவாமிநாதன். 1928ல் சிம்லாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், தேர்ந்த நவீன ஓவியர். நகரத்து ஓவியர்களின் படைப்பும் பழங்குடிகளின் படைப்பும் ஒரே கூரையின் கீழ் சரிசமமாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். கோண்டு என்னும் இன்னொரு பழங்குடியின் ஓவியர் ஜங்கட் சிங் ஷியாமைப் பாட்டன்கட் கிராமத்திலிருந்து அழைத்து வந்தவரும் இவர்தான். கட்டடத் தளத்தில் மண் சுமந்துகொண்டிருந்த பெண்களிடம் உங்கள் வீட்டில் என்ன வரைவீர்கள் என்று கேட்டார்.

பூரி பாய்க்கு அப்போது இந்தி சரியாக வராது, பீலி மொழிதான் பேச்சு. நாளைக்கு 6 ரூபாய் கூலி. உட்கார்ந்து படம் போட்டால் 10 ரூபாய் தருகிறேன் என்றார் சுவாமிநாதன். சும்மா உட்கார்ந்து படம் போடுவதற்கு ஒருவர் ஏன் காசு தருகிறார் என்று அப்போது விளங்கவே இல்லை என்று பூரி பாய் பிற்பாடு சொல்லியிருக்கிறார். தாளும் போஸ்டர் கலரும் கொடுத்தார்கள். ஊரில் என்றால் வண்ணம் செய்யவே பாதி நாள் போகும். கரி சுரண்டி, மண் தேடி, இலை அரைத்து. இங்கே மூடியைத் திறந்தால் போதும். இதேபோலக் கூலி வேலையிலிருந்து பாரத் பவனுக்கு வந்த இன்னொருவர் லாடோ பாய். அவருடைய மிருகங்களும் மரங்களும் பூரி பாயுடையதிலிருந்து தனியாகத் தெரியும்.

தாளில் வரைந்த முதல் பீல் பெண் என்று பூரி பாயைச் சொல்வார்கள். அவர் பிறகு போபாலில் ஆதிவாசி லோக் கலா அகாதமியில் ஓவியராகவே வேலைக்குச் சேர்ந்தார். மத்தியப் பிரதேச அரசின் சிகர் சம்மான் விருது கிடைத்தது. 2021ல் பத்மஸ்ரீ. போபாலின் பழங்குடி அருங்காட்சியகம் 2013ல் திறக்கப்பட்டது. அங்கே சுமார் 70 அடி நீளச் சுவரில் தன் வாழ்க்கையையே வரைந்திருக்கிறார். எனக்கு அவரிடம் பிடித்தது விருதுக் கணக்கு இல்லை. மாடும் மயிலும் வரைந்த அதே கையால் பேருந்து வரைந்தார், விமானம் வரைந்தார். விமானத்தின் வயிற்றிலும் அதே புள்ளி. பார்த்ததை வரைந்தார், அதுவும் பீல் ஓவியம்தான்.

சரி, புள்ளிக்கு வருவோம்.

அது மக்காச்சோள மணி என்பது பொதுவான விளக்கம். சோளக்கதிரில் மணிகள் எப்படி வரிசை பிடித்து நிற்குமோ அப்படி. ஒவ்வொரு புள்ளி வரிசையும் ஒரு மூதாதையை, ஒரு தெய்வத்தை நினைவில் வைப்பது என்றும் சொல்வார்கள். விளக்கங்கள் கூடிக்கொண்டே போகும். விற்பனைக் குறிப்புகளில் இன்னும் கூடும். நான் இதில் கவனித்த ஒரு சின்ன விஷயம்: மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர், போர்த்துகீசியர் வந்த பிறகுதான் இந்த நாட்டுக்குள் வந்தது. அப்படியானால் 'ஆதிகாலம் முதல் மாறாத புள்ளி' என்று எழுதுபவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். புதுப் பயிர் ஒன்று வயலுக்கு வந்து, வயிற்றுக்கு வந்து, சுவருக்கும் ஏறியிருக்கிறது. விமானம் வந்த மாதிரி.

நம் கோலப்புள்ளிக்கும் இதற்கும் வேலை வேறு. கோலத்தில் புள்ளி முதலில் வரும். அது அளவு, கோடு அதைச் சுற்றிக்கொண்டு போகும். கோலம் முடிந்ததும் புள்ளியை யாரும் பார்ப்பதில்லை. பீல் ஓவியத்தில் புள்ளி கடைசியில் வரும். உருவம் போட்டாயிற்று, ஒரே வண்ணத்தில் நிரப்பியாயிற்று; அதற்கப்புறம் தோல் மாதிரி, மயிர் மாதிரி, தானியம் மாதிரி புள்ளி ஏறும். மாட்டின் முதுகில் கொம்பிலிருந்து வாலை நோக்கி ஓடும். மரத்தில் கிளையோடு கிளையாகப் பிரியும். பழகிய கண்ணுக்குப் புள்ளியை வைத்தே யார் வரைந்தது என்று சொல்ல முடியும், கையெழுத்து மாதிரி. கோலம் போட்டுப் பழகியவர்கள் இதில் ஆரம்பத்தில் திணறுவார்கள். கை கோட்டைத் தேடும்.

இனி அந்த விளம்பரத்தின் பாதி உண்மை. வரைவது மனதைத் தணிக்குமா?

2016ல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழு ஓர் ஆய்வு வெளியிட்டது. 39 பேர், 45 நிமிடம். களிமண், மார்க்கர் பேனா, வெட்டி ஒட்டும் தாள் இவற்றில் எதை வேண்டுமானாலும் எடுத்து எதையாவது செய்யலாம். முன்னும் பின்னும் எச்சில் எடுத்துக் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பே ஓவியம் தெரிந்தவரா, பென்சிலே பிடிக்காதவரா என்பதால் வித்தியாசம் வரவில்லை. 'எனக்கு வரையவே வராது' என்று ஒதுங்குபவர்களுக்கு இது நல்ல சேதி. ஆனால் 39 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. சும்மா உட்கார்ந்திருந்த இன்னொரு குழுவோடு ஒப்பிடவும் இல்லை. முக்கால் மணி நேரம் போனை எடுக்காமல் இருந்தாலே குறைந்திருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

புள்ளி ஓவியத்துக்கு நெருக்கமானது அதைவிடப் பழைய ஓர் ஆய்வு. 2005ல் கரி, காசர் என்ற இருவர் 84 கல்லூரி மாணவர்களை முதலில் தங்களுக்குப் பயம் தந்த ஒன்றைப் பற்றி எழுதவைத்தார்கள். பதற்றம் ஏறிய பிறகு மூன்று குழுவாகப் பிரித்து வண்ணம் தீட்டச் சொன்னார்கள். ஒரு குழுவுக்கு வட்டத்துக்குள் சமச்சீராக அமைந்த மண்டல வடிவம், ஒரு குழுவுக்குக் கட்டம் போட்ட துணி மாதிரி வடிவம், மூன்றாவது குழுவுக்கு வெறும் வெள்ளைத் தாள். முதல் இரண்டு குழுவுக்கும் பதற்றம் நன்றாக இறங்கியது. வெள்ளைத் தாள் குழுவுக்கு அப்படி இறங்கவில்லை. 'உன் இஷ்டம்போல் வரை' என்பது பதறியிருக்கும் மனதுக்கு இன்னொரு பாரம் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். புள்ளி ஓவியத்தில் ஓரம் இருக்கிறது, வரிசை இருக்கிறது, அடுத்த புள்ளி எங்கே என்று முந்தைய புள்ளியே சொல்கிறது. ஆனால் முழுக்க இயந்திர வேலையும் இல்லை, அளவும் இடைவெளியும் ஒவ்வொரு தடவையும் கண் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அந்த நடுவாந்தரத்தில்தான் என் துணி நனைந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2019ல் கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பலன் உண்டு என்றது. தடுப்பதிலும் உதவும், சிகிச்சையோடு சேர்ந்தும் உதவும் என்றது. சிகிச்சைக்குப் பதில் என்று சொல்லவில்லை. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வாரக்கணக்கில் இருள் மூடிக்கிடப்பவர் பார்க்க வேண்டியது டாக்டரை. புள்ளி அப்புறம் வைக்கலாம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் ஒரு தனி மனிதரை மேசை முன் உட்காரவைத்து அளந்தவை. பித்தோரா இரவில் மேசை முன் யாரும் தனியாக இல்லை. பெண்கள் மெழுகுகிறார்கள், ஒருவர் எழுதுகிறார், ஒருவர் படிக்கிறார், மேளம் நிற்காமல் கேட்கிறது, ஊர் முழுக்கச் சாப்பிடக் காத்திருக்கிறது. நோயில் கிடந்த வீட்டுக்கு அத்தனை பேரும் வந்து நிற்கிறார்கள். அதை எந்த எச்சில் சோதனையில் அளப்பது? ஆகவே நான் முதல் தாளுக்குப் பிறகு தனியாக உட்காருவதை விட்டுவிட்டேன். எதிர்வீட்டு அக்காவும் அவர் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். ஒரே தாளில் மூன்று பேர். பாட்டியின் புள்ளிதான் எங்கள் மூவரில் நேரானது, கோலக் கை.

கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்குச் சாமான் ஒன்றும் பிரமாதமாக வேண்டாம். கொஞ்சம் தடிமனான கார்ட்ரிட்ஜ் தாள், அக்ரிலிக் அல்லது போஸ்டர் கலர் ஐந்தாறு நிறம், நிரப்ப ஒரு தட்டைத் தூரிகை. புள்ளிக்கு வேப்பங்குச்சி நல்லது. மழுங்கினால் பிளேடால் சீவிக்கொள்ளலாம். தீக்குச்சியின் மருந்தில்லாத முனையும் ஆகும். இயர்பட் வேண்டாம், பஞ்சு பெயிண்டைக் குடித்துக்கொண்டு புள்ளியை வெளிறடித்துவிடும்.

உருவம் பெரிதாக, எளிமையாக இருக்கட்டும். மிருகம் என்றால் பக்கவாட்டில் நிற்கட்டும். நிழல், தூரம், கிட்டம் எதுவும் இதில் இல்லை. மாட்டைவிட மைனா பெரிதாக இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். முக்கியமானது பெரிதாக வரும். நிரப்பும் வண்ணம் தோசை மாவுப் பதம். புள்ளி வண்ணம் இட்லி மாவுப் பதம். இன்னும் தண்ணியாக இருந்தால் புள்ளி ஓடிப் பக்கத்துப் புள்ளியோடு ஒட்டிக்கொள்ளும். கெட்டியாக இருந்தால் குச்சியை எடுக்கும்போது வால் இழுத்துக்கொண்டு வரும். அடி வண்ணம் முழுக்கக் காயாமல் புள்ளி வைத்தால் இரண்டும் கலங்கி அழுக்கு நிறமாகிவிடும். முதலில் ஓரத்தை ஒட்டி ஒரு வரிசை, அப்புறம் உள்ளே. வலக்கைக்காரர் இடது மேல் மூலையில் ஆரம்பித்தால் உள்ளங்கை ஈரத்தில் படாது. இதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு மானைப் பலி கொடுத்தேன்.

கோண்டு ஓவியத்தோடு இதைக் குழப்பிக்கொள்வது சகஜம். பொதுவாகச் சொன்னால் கோண்டு ஓவியர்கள் சின்னச் சின்னக் கோடுகளாலும் வளைவுகளாலும் நிரப்புவார்கள், அவர்களிலும் புள்ளி வைப்பவர்கள் உண்டு. வார்லி பழங்குடி ஓவியம் வேறு, செம்மண் நிறத்தில் வெள்ளை முக்கோண மனிதர்கள். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் புள்ளி ஓவியம் முற்றிலும் வேறு கதை. 1971ல் பப்புன்யாவில் பலகைக்கும் கேன்வாஸுக்கும் வந்தது. புள்ளியைப் பார்த்ததும் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு 'டிரைபல் டாட்' என்று விற்கும் வகுப்புகளிலிருந்து விலகி இருங்கள்.

யாரிடம் கற்பது என்று கேட்டால், பீல் ஓவியர்களே நேரடியாகவும் இணையத்திலும் பயிற்சி தருகிறார்கள். இந்தி அரைகுறையாகத் தெரிந்தால் போதும், கையைப் பார்த்துக் கற்கும் வேலைதான். போபால் போக வாய்த்தால் பழங்குடி அருங்காட்சியகத்துக்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். அங்கே ஓர் ஓவியக்கூடத்துக்கே லிக்கந்தரா என்றுதான் பெயர். மாதம் ஒரு பழங்குடி ஓவியரின் படைப்புகளைக் காட்சிக்கும் விற்பனைக்கும் வைக்கிறார்கள். வரைந்தவர் பெயரும் இருக்கும். சேலையிலும் மெத்தை உறையிலும் அச்சடித்து வரும் 'பீல் டிசைன்' எதிலும் அந்தப் பெயர் இருக்காது. நான் கட்டிய பயிற்சிக் கட்டணத்திலும் ஜாபுவா பக்கம் ஒரு ரூபாய் போயிருக்கும் என்று தோன்றவில்லை.

பித்தோரா குதிரையை மட்டும் நான் வரைவதில்லை. தடை என்று யாரும் சொல்லவில்லை. இன்று அதைக் கேன்வாஸில் வரைந்து விற்கும் ராட்வா, பீல் ஓவியர்கள் இருக்கிறார்கள். சோட்டா உதய்பூரின் பரேஷ் ராட்வா 2023ல் பத்மஸ்ரீ வாங்கியதே பித்தோராவுக்குத்தான். ஆனால் அது அவர்கள் வீட்டுக் கடன். நான் வேண்டிக்கொள்ளாத சாமிக்கு நான் எதை எழுதுவது?

அச்செடுத்த மயிலும் சலித்துவிட்டது. போன மாதம் எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வந்தபோது ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஞாயிறு, மூன்று பேரும் லாரியை வரைந்தோம். தாளில் பாதிக்கு மேல் லாரி. முக்கியமானது பெரிதாக வரும் என்றேனே. லாரியின் மேல் ஒரு காக்கா, லாரி அளவுக்கே. குழாயைப் பிடித்திருக்கும் பையன், சண்டை போடும் இரண்டு பெண்கள், வரிசையில் குடங்கள். இதைப் பீல் ஓவியம் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். புள்ளி வைக்க அங்கே கற்றுக்கொண்டது, அவ்வளவுதான். சண்டை போடுபவர்களில் ஒருவர் எதிர்வீட்டு அக்கா. அவர் சேலைக்கு அவரே புள்ளி வைத்துக்கொண்டார். பாட்டி முழுத் தாளையும் ஒரு தடவை விரலால் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கடைசி வீட்டுக்காரி குடம் எங்கேடி?" என்றார். விட்டுப்போயிருந்தது. பச்சைக் குடம், ஓரத்தில் சேர்த்தோம். மொத்தம் 14 குடம். 9க்குப் புள்ளி முடிந்திருக்கிறது.